இன்னும் அஞ்சு நாள் இருக்கு சாமி

என் வீட்டுக்காரர் மருதை ஒரே வருஷத்தில் ஆறு முறை சாமியானார். போன சித்திரையில் சமயபுரத்தாளுக்கு மஞ்சள் கட்டினார். அதைக் கழற்றிய கையோடு வைகாசி விசாகத்துக்கு முருகனுக்கு விரதம். ஆடி முழுக்க அம்மனுக்கு, புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்கு. கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டவர், தை பிறந்த பிறகுதான் மலையிறங்கி வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் காலில் மாட்டவில்லை, பழனிப் பாதயாத்திரைக்குப் பச்சை வேட்டி கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுக் காலண்டரில் காலி மாதம் என்று பார்த்தால் மூன்றோ நாலோதான் மிஞ்சும்.

மாலை போட்டவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை தனி. அவர் முன்கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார், நான் உள்ளே கட்டிலில் படுப்பேன். நான் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும், அவரும் என்னைச் சாமி என்பார். "சாமி, சாம்பார்ல உப்பு கம்மி சாமி" என்று அவர் சொல்லும்போது சண்டை போடக்கூட வழியில்லை. சாமியோடு யார் சண்டை போடுவது?

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வீட்டோடு சேர்ந்தே எனக்கு ஒரு மாவுக்கடை. காலையும் மாலையும் இரண்டு கிரைண்டர் ஓடும். மாவு வாங்க வரும் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்து, "குடுத்து வச்சவ நீ மகாலட்சுமி, எங்க வீட்டு ஆளு கோயில் வாசலுக்குக் கூடப் போகாது" என்பார்கள். முதல் மூன்று மாதம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பெருமை புளிக்க ஆரம்பித்தது.

எனக்கு நாற்பத்திநாலு வயது. மகள் சுபலட்சுமி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இந்த வயதில் இதைச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் புருஷன் வேண்டியிருந்தார். ஐப்பசியில் விரதம் எதுவும் இல்லாமல் ஒரு மாத இடைவெளி கிடைத்தது. தீபாவளிக்கு அரக்கு நிறத்தில் புடவை எடுத்துக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டேன். அவர் "முதுகு வலிக்குதும்மா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு என் கையை மோந்து பார்த்தேன். இருபது வருஷமாக மாவில் கிடக்கும் கை, அந்த வாடைதான் பிடிக்கவில்லையோ என்று அழுதேன்.

அடுத்ததாக எந்தப் பெண்டாட்டிக்கும் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். வாழைத் தோட்டங்களுக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஜீயபுரம், முத்தரசநல்லூர், லால்குடி என்று சுற்றிக்கொண்டிருப்பார். போன் நிறைய அடைத்துப்போன ஃபில்டர்களின் படம்தான் இருந்தது. பெண் குரலில் ஒரே ஒரு செய்தி. ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கும் எழுபது வயது அம்மா, "தம்பி, கடைசி வரிசைல தண்ணி சொட்டல, வந்து பாரு" என்று பேசி அனுப்பியிருந்தார். அதற்கு இவர் அனுப்பிய பதிலையும் கேட்டேன். "அந்த முனையைக் குத்திக்கிட்டு இருக்காதீங்கம்மா. கடைசில சொட்டலன்னா கோளாறு கடைசில இருக்காது. மோட்டார் பக்கம் மெயின் ஃபில்டரக் கழட்டிப் பாருங்க." எல்லோருக்கும் இதைத்தான் சொல்வார், கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

பழனியிலிருந்து வந்த மூன்றாம் நாளே மறுபடி மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"பூச்சொரியலுக்கே இன்னும் ஒரு மாசம் இருக்கே?" என்றேன்.

"அம்மாளுக்கு முன்னாடியே கட்டிக்கிட்டா தப்பா சாமி?" என்றார்.

மாசி கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரியல் ஆரம்பிக்கும். அன்றிலிருந்து இருபத்தெட்டு நாள் அம்மாளே பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். எங்கள் தெருவிலிருந்து பதினாலு ஆண்கள் அன்றைக்குக் காப்புக் கட்டி, நாலாம் ஞாயிறு பூத்தட்டு எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலம் வழியாகச் சமயபுரத்துக்கு நடப்பார்கள். வருஷம் முழுக்க விரதம் இருக்கும் பக்திமானை விட்டால் வேறு யார் கிடைப்பார்? இந்த வருஷம் மருதைதான் தலைமைச் சாமி என்று ஒரே குரலில் முடிவு செய்துவிட்டார்கள்.

பூச்சொரியலுக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை என் கொழுந்தனார் இளவரசன் யாத்திரை நோட்டீஸோடு வந்தார். மருதை காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போயிருந்தார். வந்தவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று பூஜை அலமாரியைத் துழாவினேன். முருகன் படத்துக்குப் பின்னால் பழனிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று தட்டுப்பட்டது. எல்லா டப்பாவும் தீர்ந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்? கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாழை இலைத் துண்டில் இரண்டு கரண்டி வைத்துக் கொடுத்தேன். நானும் ஒரு விரல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சுக்கும் மிளகுமாகத் தொண்டையைப் பிடித்தது.

"அண்ணி, இந்த வருஷம் பஞ்சாமிர்தம் கொஞ்சம் காரமா இல்ல?" என்றார் இளவரசன். சொல்லிக்கொண்டே இலையை வழித்து நக்கிவிட்டு, "பரவால்ல, பிரசாதம். ஆனந்தவள்ளிக்கும் ஒரு கிண்ணத்துல குடுங்க" என்றார். ஆனந்தவள்ளி அவர் மனைவி.

நான் கிண்ணத்தில் வழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஈர வேட்டியோடு மருதை உள்ளே வந்தார். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார், தம்பி வாயைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

"எவ்வளவு சாப்பிட்ட?" என்று தம்பியிடம் கேட்டார்.

"ரெண்டு கரண்டிண்ணே."

"கெட்டுப் போனதுடா அது. போய்த் தண்ணி நிறையக் குடி."

கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, தம்பியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். பஞ்சாமிர்தம் கெட்டுப் போகாது என்பது பழனிக்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரியும். நான் டப்பாவை அவர் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னது இது?"

அவர் கிரைண்டருக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே "லேகியம்" என்றார். பழனிக்கு நடந்த வழியில் வேன் போட்டு மைக்கில் பேசிய ஒருவனிடம் வாங்கி, யாருக்கும் தெரியக் கூடாது என்று பஞ்சாமிர்த டப்பாவில் மாற்றி வைத்திருக்கிறார்.

"எதுக்கு லேகியம்?"

"என்னால முடியல லட்சுமி" என்றார். ஒரு வருஷத்தில் முதல் முறையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "போன பங்குனிலேருந்தே முடியல. ரெண்டு மூணு தடவை நீ தூங்கிட்டன்னு நெனச்சு நானே… உடம்பு கேக்கல. உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? மாலை போட்டுட்டா நீ கேக்க மாட்ட. அதான்."

எனக்கு மூன்று உணர்ச்சி ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. முதலில் ஆறுதல். வேறு பெண் இல்லை, என் கை வாடையும் இல்லை. அடுத்தது கோபம். ஒரு வருஷம் என்னை அழவிட்டு, இத்தனை சாமியை இதில் இழுத்து விட்டிருக்கிறாரே என்ற கோபம். மூன்றாவதாகச் சிரிப்பு வந்தது. ஒரு பயத்துக்காக ஐயப்பன், முருகன், பெருமாள், மாரியம்மா என்று ஒருவர் மிச்சமில்லாமல் காவலுக்கு நிறுத்தியவரை நான் எங்கே பார்ப்பேன்? சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. அவர் முதலில் மிரண்டார், பிறகு அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம்" என்றேன்.

"மஞ்சள் கட்டியிருக்கேன் சாமி."

"கட்டிக்கிட்டே வாங்க சாமி" என்றேன்.

என்னிடம் தினமும் மாவு வாங்கும் ஷரபுன்னிசா அக்காவின் மகள் மெஹ்ரீன், தில்லை நகரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். லேடி டாக்டர் என்று முன்கூட்டியே சொன்னால் இவர் வர மாட்டார் என்று தெரிந்து, உள்ளே நுழையும்வரை சொல்லவில்லை. பார்த்ததும் மஞ்சள் துண்டை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மெஹ்ரீன் சளி, இருமலைக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள்.

"விறைப்புக் கோளாறு. ஐம்பது வயசுல நிறையப் பேருக்கு இருக்கு, வெளில சொல்றவங்கதான் கம்மி" என்றாள். "சிகரெட் உண்டா?"

"மாலை போட்டா தொட மாட்டேன்."

"மாலை போடாதப்ப?"

"அப்படி ஒரு நாள் வந்தே வருஷம் ஆச்சு" என்று நான் சொன்னேன்.

சர்க்கரையைச் சோதித்தாள், இருநூற்றுக்கு மேலே போயிருந்தது. விரதம் விரதம் என்று ஒரு வேளை சாப்பாட்டை மலை போலக் குவித்துச் சாப்பிட்டதும், வீட்டுக்கு வீடு கொடுத்த சர்க்கரைப் பொங்கலும் எங்கே போகும்? ரத்த அழுத்தமும் கூடுதல். "நடந்தா மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். பழனி போகும்போது மேட்டில் நாலைந்து தடவை உட்கார வேண்டியிருந்தது, விரதக் களைப்பு என்று நினைத்தேன் என்றார். அதை அவர் என்னிடமும் சொல்லவில்லை.

"ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்மா" என்றார் கடைசியில்.

"மாத்திரை அப்புறம். முதல்ல உங்க இதயத்தைப் பாக்கணும்."

"நான் சொன்ன கோளாறு நெஞ்சுல இல்லம்மா."

மெஹ்ரீன் சிரிக்கவில்லை. "ரெண்டுக்கும் ஒரே ரத்தம்தாங்க போகுது. அங்க போற குழாய் ரொம்ப மெலிசு. இதயத்துக்குப் போறது அதை விடக் கொஞ்சம் பெருசு. உள்ள கொழுப்பு படிய ஆரம்பிச்சா மெலிசுதான் முதல்ல தகராறு பண்ணும். இதயம் ரெண்டு மூணு வருஷம் கழிச்சுச் சொல்லும், சில சமயம் சொல்லாமலே நின்னுடும். எல்லாருக்கும் இதுதான் காரணம்னு இல்ல. மனக்கவலையால வரும், சில மருந்தால வரும். ஆனா சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, மூச்சு வாங்குது. உங்களைப் பாக்காம அனுப்ப மாட்டேன்."

இவர் விட்டத்திலிருந்து பார்வையை இறக்கினார். தன் தொழிலைப் பற்றி யாராவது பேசினால் மட்டும் வரும் ஒரு முகம் அவருக்கு உண்டு. அந்த முகத்தோடு மெதுவாகச் சொன்னார். "கடைசி வரிசைல சொட்டலன்னா மெயின் ஃபில்டரப் பாக்கணும்."

"என்ன சொல்றீங்க?" என்றாள் மெஹ்ரீன்.

"ஒண்ணுமில்லம்மா. ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். இங்க ஒரு வருஷமா முனையக் குத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை இதய டாக்டரிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள், ஐந்தாவது நிமிஷமே நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆஞ்சியோ பார்த்தே ஆக வேண்டும், அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட், இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்றார் டாக்டர். இவர் உடனே, "ஞாயித்துக்கெழம காப்புக் கட்டறேன் சார். காப்புக் கட்டினவன் ஊர் தாண்டி ராத்தங்கக் கூடாது. நாலு வாரம்தான், யாத்திரை முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார்.

"நாலு வாரம் கழிச்சு வர்றதுக்கு நீங்க இருக்கணும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கெஞ்சினேன், திட்டினேன், மகளைப் போனில் பேச வைத்தேன். அவர் கேட்கவில்லை. முன்னே போட்ட மாலையெல்லாம் ஒளிந்துகொள்ளப் போட்டது, இது ஒன்றையாவது உண்மையாகச் செய்ய விடு என்றார். பதிமூன்று பேர் நம்பியிருக்கிறார்கள் என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. காப்புக் கயிறு ஒரு முறை அவர் கையில் ஏறிவிட்டால் சமயபுரம் போய்ச் சேரும்வரை இறங்காது. அந்தக் கொள்ளிடம் பாலத்து வெயிலில், வெறுங்காலோடு, தலையில் பூத்தட்டோடு அவரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் பதினாலு பேரும் மஞ்சள் வேட்டியில் வரிசையாக நின்றார்கள். நானும் போயிருந்தேன், மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு. பார்க்க வந்திருக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பூசாரி மஞ்சள் தடவிய கயிற்றை அம்மன் காலடியிலிருந்து எடுத்து, "தலைமைச் சாமி முதல்ல வாங்க" என்றார். மருதை முன்னால் போய் வலது கையை நீட்டினார். நான் அவருக்கு முன்னால் போய் நின்று என் கையை நீட்டினேன்.

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "வேண்டிக்கிட்டது அவரு, கட்டிக்கிறது நீயாம்மா?"

"வேண்டிக்கிட்டது அவரு. அவரைக் காப்பாத்திக் குடுன்னு கேக்கறது நான்" என்றேன். "அவருக்கு நெஞ்சுல அடைப்பு இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. செவ்வாய்க்கெழம ஆஸ்பத்திரில சேரணும். அவர் எடுக்க வேண்டிய தட்டை நான் எடுக்கறேன். அவருக்குப் பதிலா நான் நடக்கறேன். கட்டுங்க."

இளவரசன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி அம்மனை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "புருஷன் பேருக்குப் பெண்டாட்டி நடக்கலாம். அம்மாளும் பொம்பளைதானே, அவளுக்குத் தெரியாதா" என்று என் கையில் காப்பைக் கட்டினார். மருதை நீட்டிய கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து மடித்து என் தோளில் போட்டார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை ஆஞ்சியோவில் முக்கியமான ஒரு குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு தெரிந்தது, அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இரண்டு பேர் என்னிடம் குறி கேட்டார்கள். "போய் டெஸ்ட் எடுங்க" என்று குறி சொல்லி அனுப்பினேன். இருட்டுவதற்குள் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் திரும்பிவிடுவேன், ராத்தங்கக் கூடாதே. இளவரசன்தான் அண்ணனோடு தங்கினார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் யாத்திரைக் குழு மொத்தமும் பார்க்க வந்தது. "நெஞ்சுவலியே இல்லாம எப்படிண்ணே கண்டுபுடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். சும்மா ஒரு செக்கப் என்று இவர் சொல்வார், நானும் தலையாட்டுவேன் என்றுதான் நினைத்தேன். இவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஒரு வருஷமாக முடியவில்லை என்பதை, அதற்காகவே மாலை மாலையாகப் போட்டதை, மெலிசான குழாய் முதலில் சொல்லும் என்று டாக்டர் சொன்னதை. "வெக்கப்பட்டுக்கிட்டு ஒளிஞ்சுக்காதீங்கடா. உடம்பு நமக்கு முன்கூட்டியே சொல்லுது. நான் கேக்காம இருந்துட்டேன்" என்றார்.

இளவரசன் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பஞ்சாமிர்தம்…" என்றார்.

சமையலறையில் நின்ற எனக்குக் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. பதிமூன்று ஆண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு நாளில் இவருக்கு ஐந்து போன் வந்தது. ஐந்து பேரும் மெஹ்ரீன் கிளினிக் தில்லை நகரில் எந்த கிராஸ் என்று கேட்டார்கள். ஐந்து பேருமே கேட்டது அவரவர் ஃப்ரெண்டுக்காகத்தான்.

இரண்டே வாரத்தில் அவர் ஆளே மாறினார். காலையில் அம்மா மண்டபம்வரை நடை, சர்க்கரைக்கு மாத்திரை, இதயத்துக்கு மாத்திரை, தட்டில் பாதி காய். லேகிய டப்பாவை மெஹ்ரீனிடம் காட்டியதும் அவள் அதைக் குப்பையில் போட்டாள். யாத்திரைக்கு ஐந்து நாள் இருக்கும்போது இதய டாக்டர் மறுபடி பரிசோதித்தார். இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் இவரே கேட்டுவிட்டார். "சார், இனிமே வீட்டுல… எல்லாம் சரியா இருக்கலாமா?"

"ரெண்டு மாடி படி மூச்சு வாங்காம, நெஞ்சு வலிக்காம ஏறினீங்கன்னா தாராளமா இருக்கலாம்" என்றார் டாக்டர். "பழையபடி வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகலாம், அவசரப்படாதீங்க. தேவைன்னா மருந்து நான் தரேன். நீங்களா கடைல வாங்கிப் போடக் கூடாது, சில இதய மாத்திரையோட சேந்தா ஆபத்து."

வெளியே வந்ததும் லிஃப்ட் பக்கம் நடந்த என்னை நிறுத்தினார். "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறினார். இரண்டு மாடி போதும் என்றவருக்கு மூன்று மாடி ஏறி, கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்துக் கையாட்டினார். இறங்கி வந்து என் முன்னால் நின்றார். மூச்சு சீராக இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு முகத்தில் இருந்தது. என் கையைப் பிடிக்க வந்தவரின் கண் அங்கே இருந்த மஞ்சள் கயிற்றில் பட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு சாமி" என்றேன்.

அந்த ஐந்து நாளும் நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நான் முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன், அவர் உள்ளே கட்டிலில் புரண்டார். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "சாமி, மல்லிப்பூ வாங்கிட்டு வந்திருக்கேன் சாமி" என்று வாசலில் நிற்பார். "அம்மாளுக்குச் சாத்துங்க சாமி" என்பேன். காலண்டரில் நாளைக் கிழிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஒரு நாள் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டார், நான்தான் ஒன்றைத் திரும்ப ஒட்டி வைத்தேன்.

நாலாம் ஞாயிறு விடிந்ததும் பூத்தட்டோடு நான் முன்னால் நடந்தேன், பதிமூன்று பேரும் பின்னால் வந்தார்கள். கொள்ளிடம் பாலத்தில் காற்று நன்றாக இருந்தது. கால் சுட்டது, தோள் வலித்தது, ஆனாலும் அவ்வளவு லேசாக நான் நடந்ததே இல்லை. அவர் பாலத்தின் மேல் இருக்க வேண்டிய நாளில் நான் இருக்கிறேன், அவர் எங்கோ பத்திரமாக இருக்கிறார் என்று ஒவ்வொரு அடியிலும் நினைத்துக்கொண்டேன். சமயபுரம் எல்லையில் பார்த்தால் பஸ்ஸில் முன்னதாகவே வந்து, மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். பாதயாத்திரை வருகிறவர்களுக்குக் காலில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். வரிசையாக எல்லோருக்கும் ஊற்றினார். என் காலுக்கு மட்டும் குனிந்து உட்கார்ந்து, கையால் தேய்த்துக் கழுவினார். "நல்லா நடந்தீங்களா சாமி?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூவைச் சாத்தி, தரிசனம் முடிந்து, கோயில் வெளிப் பிரகாரத்தில் எல்லோரும் காப்பைக் கழற்றினார்கள். என் காப்பை இவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார்.

இளவரசனுக்கு ஒரே உற்சாகம். "அண்ணி நடந்த நடையைப் பாத்தீங்களாண்ணே? அடுத்த வாரமே சித்திரைத் தேருக்கு ரெண்டு பேருக்கும் சேத்துக் காப்புக் கட்டிடுவோமா?"

ஒரு வருஷமாக எந்த விரதத்துக்கும் மாட்டேன் என்று சொல்லாத மனுஷன் தம்பியின் தோளில் கையைப் போட்டார்.

"வேணாம்டா. இந்த வருஷம் எனக்கு எந்த மாலையும் வேணாம்" என்றார். "தேரை வேடிக்கை பாக்க வரோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. அவர் பையிலிருந்து மல்லிப்பூவை எடுத்து நீட்டினார். காலையிலிருந்து பைக்குள்ளேயே இருந்ததில் கொஞ்சம் வாடியிருந்தது. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போலாமா, என்னங்க?" என்றேன்.

அந்த "என்னங்க"வைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.